வாங்காத கை

மீனம்பாக்கம் விமான நிலையத்தில், நடக்க முடியாத பயணிகளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிப் போகும் வேலையில் பதினேழு வருஷம் இருந்தவர் காரைக்கால் அல்லா பிச்சை. அதில் முதல் பதினான்கு வருஷம் அவர் யாரிடமும் ஒரு பைசா டிப்ஸ் வாங்கவில்லை. சிங்கப்பூர்க்காரர் டாலர் நீட்டினாலும் சரி, பினாங்கிலிருந்து வந்த ஆச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்து எட்டணா எடுத்தாலும் சரி, "வேணாங்க, நல்லபடியா போயிட்டு வாங்க" என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுவிடுவார்.

நேர்மையான மனுஷன் என்று விமான நிலையத்தில் அவரை மெச்சுகிறவர்கள் உண்டு. அதில் நேர்மைக்குப் பெரிய பங்கு இல்லை என்று அவருக்கே தெரியும். எல்லாம் அந்தப் பெயர் செய்த வேலை.

அவருக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. நாலாவதாவது நிலைக்கட்டும் என்று அவருடைய அத்தா நாகூருக்கு நேர்ந்துகொண்டு, இது அல்லா போட்ட பிச்சை என்று அந்தப் பெயரை வைத்தார். பிள்ளை தங்கிவிட்டது. பெயரும் தங்கிவிட்டது. பிரெஞ்சுக்காரன் காலத்துப் பள்ளிக்கூடம். வாத்தியார் பெயர் கூப்பிடும்போது முதல் பாதியை விழுங்கிவிட்டு "பிச்சை" என்பார். உடனே பின்பெஞ்சுப் பையன்கள் நாலு பேர் உள்ளங்கையை நீட்டி "அம்மா, தாயே" என்பார்கள். தினமும் இது நடந்தது. சிறுவன் அல்லா பிச்சை அடித்தும் பார்த்தான், அழுதும் பார்த்தான், நிற்கவில்லை. எட்டு வயதில் ஒருநாள், இனி யார் கைக்குக் கீழேயும் தன் கை போகாது என்று முடிவு செய்துகொண்டான். வளர்ந்து மீசை நரைத்த பிறகும் மளிகைக் கடையில் மீதிச் சில்லறையைக் கையில் வாங்க மாட்டார். "அப்படி பலகையில வைங்க" என்று சொல்லி அங்கிருந்துதான் எடுத்துக்கொள்வார்.

அவர் மனைவி ரோஷன் பேகம் காரைக்காலில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்தவர். வாய் கொஞ்சம் கூர்மை. "உங்க பேருல பிச்சை இருக்குறத ஊருல எல்லாரும் மறந்துட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் மறக்காம வச்சிருக்கீங்க" என்பார்.

எழுபத்தொன்றில், மச்சான் ஜெகபர் சாதிக் யாரையோ பிடித்துச் சொல்லிவைக்க, சென்னைக்குப் போய் விமானத்தில் பெட்டி ஏற்றும் வேலையில்தான் முதலில் சேர்ந்தார். மாதம் ஒருமுறை பஸ் ஏறிக் காரைக்காலுக்கு வருவார். சேர்ந்த சில மாதத்தில் ஒருநாள், பக்கவாதம் வந்த ஒரு கொழும்புக்காரரை இறக்க வேண்டியிருந்தது. இரண்டு இளவட்டங்கள் ஆளுக்கொரு கக்கத்தைப் பிடித்துத் தூக்க, அந்த மனிதரின் செருப்பில்லாத கால் படியில் இடித்துக்கொண்டே வந்தது. "மூட்டை இல்லப்பா அது" என்று அல்லா பிச்சை குறுக்கே போய், ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையை முழங்காலுக்கும் கொடுத்து, அலுங்காமல் எடுத்து நாற்காலியில் வைத்தார். படுக்கையில் கிடந்த அத்தாவை மூன்று வருஷம் அப்படித்தான் தூக்கியிருக்கிறார். தூரத்தில் நின்ற அதிகாரி மறுநாளே அவரைச் சக்கர நாற்காலிக்கு மாற்றிவிட்டார்.

அந்த வேலை அவருக்குப் பிடித்துப்போயிற்று. வாசற்படி வந்தால் நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுப்பார், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரியாமல் இருக்க. குறுகலான கதவென்றால் பயணியின் விரல் நசுங்காமல் தன் புறங்கையை அங்கே கொடுத்துவிடுவார். ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் முன்னால் "இப்ப சின்னதா ஒரு குலுக்கல் வரும்" என்று சொல்லிவிட்டுத்தான் தள்ளுவார். விமானத்துக்கு அந்தக் காலத்தில் ஏணிப்படிதான். நாற்காலியைப் படியடியில் நிறுத்திவிட்டு, இரண்டு பேர் கையைக் கோத்துப் பயணியைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். அவரோடு கை கோத்தவர் பல்லாவரத்து இளையபெருமாள். நாலு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன்.

தொல்லை அங்கேதான். மேலே கொண்டுபோய் உட்கார வைத்ததும் பயணி இரண்டு பேருக்கும் சேர்த்துக் காசு நீட்டுவார். அல்லா பிச்சை கையைப் பின்னால் கட்டிக்கொண்டுவிடுவார். அவர் வேண்டாம் என்று நிற்கும்போது பக்கத்தில் நிற்கிறவன் மட்டும் எப்படிக் கையை நீட்டுவது? இளையபெருமாளும் பல்லைக் கடித்துக்கொண்டு "வேணாங்க" என்பார்.

"பாய், உங்க கூட மாட்டினதுலேருந்து நானும் மகான் ஆயிட்டேன்," என்றார் ஒருநாள் படியிறங்கும்போது. "வீட்ல நாலு பொண்ணு இருக்கு. மகானா இருந்து கட்டுப்படியாகல."

"நீ வாங்கிக்க பெருமாளு. நான் என்ன வேணாம்னா சொன்னேன்?"

"நீங்க அப்படி சாமியார் மாதிரி நின்னா எவன் எனக்குக் குடுப்பான்?"

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். பயணியை உட்கார வைத்த அடுத்த நொடி அல்லா பிச்சை கீழே இறங்கிப் போய்விட வேண்டியது. மிச்சத்தை இளையபெருமாள் பார்த்துக்கொள்வார். பல வருஷம் அது நன்றாகத்தான் நடந்தது, மிரேய் வரும்வரை.

எண்பத்திரண்டு மே மாதம், கத்திரி வெயில். பம்பாய் போய் அங்கிருந்து பாரீஸ் போகிற பயணி என்று நாற்காலி கேட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் இருபத்தாறு வயதுப் பெண். வலது காலைத் தாங்கிப் பிடிக்க இரும்புக் காலிப்பர், கக்கத்தில் இரண்டு கட்டை, பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. வழியனுப்ப யாருமில்லை. அவர் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "பாய், உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டாள்.

"காரைக்கால்மா."

"அட, நானும் அங்கதான், தருமபுரம். பேரு மிரேய்."

அவளுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து அவள் கால் போயிற்று. அப்பா இறந்த பிறகு பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து வீட்டை நடத்தினாள். இப்போது அங்கே தபால் அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்துப் போகிறாள். இதெல்லாம் சோதனை வரிசையைத் தாண்டி வருவதற்குள் அல்லா பிச்சைக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு ஒரே சந்தோஷம். சந்தைத் தோப்பு மீன் விலையிலிருந்து மாங்கனித் திருவிழாக் கூட்டம் வரைக்கும் பேசிக்கொண்டே தள்ளினார்.

விமானம் தூரத்தில் நின்றது. கட்டடத்தை விட்டு வெயிலில் இறங்கிய இடத்தில், அவள் கைப்பையைத் திறந்து ஐந்து ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்தாள்.

"புர்புவார், பாய். எங்கப்பா அப்படித்தான் சொல்வாரு. ஏதாவது வாங்கிக் குடிக்கிறதுக்கு."

அல்லா பிச்சை நாற்காலியை நிறுத்திவிட்டு வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டார். "வேணாம்மா. நம்ம ஊருப் பொண்ணு நீங்க."

"நம்ம ஊருங்குறதாலதான் குடுக்குறேன்."

"இல்லம்மா, வைங்க உள்ள." அதோடு நிறுத்தியிருக்கலாம். பாசத்தில் இன்னொரு வார்த்தையும் வந்துவிட்டது. "நீங்களே முடியாத புள்ள. உங்ககிட்டப் போயி வாங்குறதா?"

அவள் நோட்டைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள். பிறகு, "சக்கரத்தைப் பிடிங்க, நான் இறங்கணும்" என்றாள்.

"எதுக்கும்மா?"

"பிடிங்க பாய்." குனிந்து வலது காலை நீட்டி, முழங்கால் மடங்காமல் இருக்கக் காலிப்பரின் பூட்டைத் தட்டிவிட்டாள். கட்டைகளை ஊன்றி எழுந்து நின்றாள். "கூலி குடுத்தா இது வண்டி. குடுக்கலன்னா தர்மம். எனக்குத் தர்மம் வேணாம்."

அங்கிருந்து விமானத்துக்கு நூறு கஜம் இருக்கும். அந்த வெயிலில், கொதிக்கிற தளத்தில், அவள் நடந்தாள். நாலு எட்டுக்கு ஒருமுறை நின்று வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டாள். அல்லா பிச்சை காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனார். "உட்காருங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று இரண்டு தரம் சொன்னார். அவள் திரும்பவில்லை. படியடியில் இளையபெருமாள் கையைக் கோக்கத் தயாராக நின்றவர், இவர்கள் வருகிற கோலத்தைப் பார்த்துக் கையைத் தொங்கவிட்டார். அவள் இரண்டு கட்டைகளையும் அவரிடம் கொடுத்துவிட்டு, முதல் படியில் திரும்பி உட்கார்ந்தாள். கையை ஊன்றி ஒவ்வொரு படியாக உட்கார்ந்தபடியே பின்னால் ஏறினாள். விமானத்தின் ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. மேலே போனதும் ஒருமுறை கீழே பார்த்தாள். கையசைக்கவில்லை.

அந்த மாதம் ஊருக்கு வந்தபோது ரோஷன் பேகத்திடம் சொன்னார், அந்தப் பெண்ணின் வீம்பைச் சொல்வதுபோல. ரோஷன் பேகம் மெஷினை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டார்.

"உங்கள யாரும் பிச்சைன்னு சொல்லிரக் கூடாதுன்னு, நீங்க அந்தப் பொண்ணைச் சொல்லிட்டு வந்திருக்கீங்க."

அல்லா பிச்சைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அன்று முழுக்க மனைவியோடு பேசவில்லை. ஆனால் மறுநாள் பஸ் ஏறுகிறவரை அந்த வார்த்தையும் அவரை விட்டுப் போகவில்லை.

எண்பத்து நாலில் நோன்புப் பெருநாளுக்கு ஊருக்கு வந்தவர், பெருநாளைக்கு மறுநாள் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஆறு வாரம் படுக்கை. எக்ஸ்ரே எடுக்கவும் கட்டு மாற்றவும் தள்ளுவண்டியில் படுக்கப்போட்டு நீளமான தாழ்வாரத்தில் கொண்டுபோவார்கள். தள்ளியவர் கோட்டுச்சேரிமேட்டுச் சின்னப்பிள்ளை. ஐம்பது தாண்டிய பெண்மணி. ஒரு காலத்தில் மீன் கூடை சுமந்தவர் என்பதை அவர் கழுத்தும் தோளுமே சொல்லும்.

மல்லாந்து படுத்துக்கொண்டு, கூரை நகர்வதைப் பார்த்தபடி, தொழில் தெரிந்தவர் என்ற முறையில் அல்லா பிச்சை அவரைக் கவனித்தார். "பாய், வாசப்படி வருது, பல்லைக் கடிச்சுக்குங்க" என்று அந்த அம்மாள் முன்கூட்டிச் சொன்னார். திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தார். கதவில் இடிக்காமல் கையைக் கொடுத்தார். தன்னைப்போலவே தள்ளுகிற ஒருத்தியின் கையில் தான் கிடப்பது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. திரும்பி வந்ததும் தலையணைக்கடியிலிருந்து இரண்டு ரூபாய் எடுத்து நீட்டினார்.

சின்னப்பிள்ளை கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். "வச்சுக்குங்க பாய்."

"வாங்கிக்கங்கக்கா, டீ குடிங்க."

"டீ குடிச்சாச்சு."

மறுபடி இரண்டு நாள் கழித்து நீட்டினார். அப்போதும் அதே பதில். அந்த அம்மாள்தான் அவருக்கு மலச்சட்டி வைத்து எடுத்தார், முதுகைத் துடைத்துவிட்டார், புரட்டிப்போட்டார். ஒன்றுக்கும் கை நீட்டவில்லை. நாளாக ஆக அல்லா பிச்சைக்குக் கட்டிலில் கிடப்பதே கஷ்டமாகிவிட்டது. வலியைத் தாங்கினார். இதைத் தாங்க முடியவில்லை. நீட்டிய நோட்டை மறுபடி தலையணைக்கடியில் சொருகும்போது, தன் கையில் ஒன்றுமே இல்லை, தன்னால் ஆகக்கூடிய ஒரே காரியத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பது போல இருந்தது. கண்ணை மூடினால் நூறு கஜ வெயிலில் ஒரு பெண் கட்டை ஊன்றி நடந்து போனாள். பினாங்கு ஆச்சி அவிழ்த்த முடிச்சைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் கேட்டேவிட்டார். "நான் துலுக்கன்னு வாங்கலியா, இல்ல என்மேல எதும் கோபமா?"

சின்னப்பிள்ளை சிரித்துவிட்டார். "அதெல்லாம் இல்ல பாய். உங்ககிட்ட வாங்கினா, அடுத்த கட்டில்காரன் பாத்துக்கிட்டே இருப்பான். அவன் பட்டினச்சேரிலேருந்து வந்தவன். வலை கிழிஞ்சு ரெண்டு மாசமாத் தொழில் இல்ல. நாளைக்கி அவனைத் தள்ளும்போது அவன் என் மூஞ்சியப் பாக்காம செவத்தைப் பாப்பான். எனக்கு அது ஆவாது."

சின்னப்பிள்ளை சொன்னதும் சரிதான். மிரேய் சொன்னதும் சரிதான். இரண்டையும் ஒன்றாக வைத்து யோசித்து யோசித்து அலுத்துப்போய் அல்லா பிச்சை, "அப்ப நான் உங்களுக்கு என்னதாங்க்கா செய்யிறது?" என்றார்.

"இந்த வண்டி போற எடமெல்லாம் கத்துது. நீங்க ஏரோப்ளேன்ல வண்டி தள்ளுறவராமே, உங்க வீட்டுக்காரம்மா சொன்னாங்க. இதுக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க."

மறுநாள் ரோஷன் பேகம் தையல் மெஷின் எண்ணெயும் ஒரு பழைய கொண்டை ஊசியும் கொண்டுவந்தார். அல்லா பிச்சையைச் சாய்த்து உட்கார வைத்து, தள்ளுவண்டிச் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் கொடுத்தார்கள். அச்சில் சுற்றிக் கிடந்த முடியையும் நூலையும் ஊசியால் நோண்டி எடுத்தார். துடைத்து எண்ணெய் விட்டுச் சுற்றிப் பார்த்தார். சாயந்திரம் சின்னப்பிள்ளை அந்த வண்டியைத் தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தள்ளிக்கொண்டு போய் வந்தார். சத்தமே இல்லை.

"இன்னும் ரெண்டு வண்டி இருக்கு பாய்," என்றார். ஆறு வாரத்தில் அல்லா பிச்சை நன்றாகத் தூங்கியது அன்றைக்குத்தான்.

கால் கூடிவிட்டது, ஆனால் அரை அங்குலம் குட்டை. வேலைக்குத் திரும்பியபோது, இனித் தூக்க வேண்டாம், நாற்காலிகளைப் பழுது பார்த்துக்கொண்டு உள்ளே இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எண்பத்தைந்து டிசம்பரில் ஒரு காலை, இளையபெருமாள் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"பாய், உங்க ஊருப் பொண்ணு, அந்த நடந்துபோன பொண்ணு, பம்பாய் ப்ளைட்ல வந்து நிக்குது. நாற்காலி வேணாங்குது."

அல்லா பிச்சை கையைத் துடைத்துக்கொண்டார். இருப்பதிலேயே நன்றாக ஓடுகிற நாற்காலியை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டித் தானே போனார். ஏணிப்படியின் அடியில் மிரேய் நின்றாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், கம்பளிக் கோட்டு கையில். அவரையும் அவர் நடையையும் பார்த்தாள்.

"கால் என்னாச்சு பாய்?"

"கிணத்தடில விழுந்துட்டேம்மா."

"இப்ப யாரு யாரைத் தள்ளுறது?"

"அதை அப்புறம் பேசிக்கலாம். உட்காருங்க." பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இறங்கும்போது குடுக்குறதைக் குடுங்க. வாங்கிக்கிறேன்."

அவள் உட்கார்ந்தாள். டாக்சி நிற்கும் இடம்வரை ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் முன்னால் சொல்லிச் சொல்லித் தள்ளினார். அங்கே அவள் பத்து ரூபாய் எடுத்தாள். அல்லா பிச்சை கையை நீட்டினார். நாற்பத்தேழு வயதில் பழக்கமில்லாத காரியம். உள்ளங்கையை மேலே காட்டுவதா, பக்கவாட்டில் வைப்பதா என்று தெரியாமல், கை குலுக்க வருகிறவரைப் போல நீட்டிக்கொண்டு நின்றார். அவள் நோட்டை வைத்து அவர் விரல்களை மடித்துவிட்டாள்.

"மெர்சி, பாய்."

நேரே இளையபெருமாளைக் கூட்டிக்கொண்டு வெளியே டீக்கடைக்குப் போனார். "இதுக்குப் பேரு புர்புவார். குடிக்கிறதுக்குன்னு அர்த்தம்" என்றார்.

"என்ன வாரோ. ஒரு மசால்வடையும் சொல்லுங்க பாய்" என்றார் இளையபெருமாள்.

அதற்குப் பிறகு எப்போதாவது ஆள் குறைந்து அவரே தள்ள நேர்ந்தால், கொடுப்பவர்களிடம் வாங்கிக்கொண்டார். பையைத் துழாவுகிற கை வெறுங்கையாக வரப்போகிறது என்று தெரிந்தால், அது வெளியே வருவதற்குள் குனிந்து, சக்கரத்தில் எதையோ பார்ப்பவர்போல நேரத்தைக் கடத்திவிட்டு, "சரிங்க, பாத்துப் போங்க" என்று விலகிவிடுவார். அது கோட்டுச்சேரிமேட்டு அம்மாளிடம் கற்றது.

எண்பத்தெட்டில் வேலையை விட்டுக் காரைக்காலுக்கே வந்துவிட்டார். சைக்கிள் கடை வைத்தார். ஆஸ்பத்திரியில் எந்தச் சக்கரம் சிக்கினாலும் சின்னப்பிள்ளை ஆள் அனுப்புவார், இவர் பையை எடுத்துக்கொண்டு போவார். அந்த வருஷமே மிரேய் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தாள். மாப்பிள்ளை அவளோடு தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் புதுச்சேரிப் பையன். ஜாக்கெட் தைக்க ரோஷன் பேகத்திடம்தான் கொடுப்பேன் என்று துணியோடு வந்துவிட்டாள்.

ரோஷன் பேகம் அவளை நாற்காலியில் உட்கார வைத்து அளவெடுத்தார். கக்கத்தில் கட்டை அழுத்தி அழுத்தித் தோள் ஒரு பக்கம் உயர்ந்திருந்ததைத் தொட்டுப் பார்த்து, அதற்கேற்ப அந்தப் பக்கம் ஒரு விரற்கடை கூடக் குறித்துக்கொண்டார். கூலி எவ்வளவு என்று மிரேய் கேட்டாள்.

"கல்யாணப் பொண்ணுகிட்ட கூலியா? போம்மா."

வாசலில் ட்யூப் ஒட்டிக்கொண்டிருந்த அல்லா பிச்சை நிமிர்ந்தார். "வாங்கிக்க, ரோஷன்" என்றார்.

ரோஷன் பேகம் கணவரைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய மனிதரை அன்றைக்குத்தான் பார்ப்பதுபோல ஒரு பார்வை. பிறகு கூலியைச் சொல்லி, காசை வாங்கி மெஷின் டிராயரில் போட்டுவிட்டு, டேப்பை மறுபடி மிரேயின் கைமேல் வைத்துப் பிடித்தார்.

"அங்க ரொம்பக் குளிருமாமே. முழங்கை வரைக்கும் இறக்கி வச்சிரட்டுமா?"

"வைங்கக்கா," என்றாள் மிரேய். "ஆனா கழுத்து மட்டும் கொஞ்சம் ஸ்டைலா இருக்கட்டும்."